தீவனக் கடைத் தொப்பி

ஒரு வாரமாக ஒலிந்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு முழுக்க எரிச்சல் இருக்கும்போது சாப்பாட்டுக்கு எங்கே இடம்?

போன வாரம் ஃப்ரெஸ்னோ பேஸ்பால் மைதானத்தில் அவள் காதில் விழுந்தது அப்படிப்பட்ட சங்கதி. கல்லூரிக்கு ஆட்டக்காரர்களைத் தேடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பழைய ஸ்கவுட் ஒருவர், காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "உங்க அண்ணன் அத்ரியானோ எப்படிம்மா இருக்கான்? பாவம், அருமையான ஷார்ட்ஸ்டாப். தோள் மட்டும் போகாம இருந்திருந்தா..." என்று இழுத்தார்.

"அவனுக்குத் தோள்ல ஒண்ணும் இல்லையே?"

"என்னம்மா சொல்ற? கூட ஆடின பையனே எங்கிட்ட சொன்னானே, ஜில்பெர்ட்டோன்னு. ஆட்டம் முடிஞ்சா தினம் ஐஸ் வைக்கிறான், வீட்ல மறைக்கிறாங்கன்னு. அதனாலதானே உங்க அண்ணனை விட்டுட்டு அவனைக் காலேஜுக்கு எடுத்தேன்."

அந்த ஜில்பெர்ட்டோ வேறு யாருமில்லை, ஒலிந்தாவின் அக்கா நத்தாலியாவின் புருஷன். கல்லூரிக்குப் போய் என்ன கிழித்தான் என்றால், ஒரு வருடம் பெஞ்சைத் தேய்த்துவிட்டுச் சொந்த ஊர் துலாரிக்கே திரும்பி வந்தான். வந்து நத்தாலியாவைக் கட்டிக்கொண்டான். அத்ரியானோவோ 'நான் போதலை போலிருக்கு' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அப்பாவின் பண்ணையில் பால் கறக்க உட்கார்ந்தவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் கறந்துகொண்டிருக்கிறான்.

இதைக் கேட்ட பிறகு ஒலிந்தா அழவில்லை. அத்தானை அவன் வாயாலேயே கெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்கான நாள் இன்று.

ஒலிந்தாவும் இப்போது ஸ்கவுட்தான். சான்டா லூமா கல்லூரிக்காக ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட ஆட்டக்காரர்களை எடை போடுகிற வேலை. அங்கே வரும் வருடத்துக்கு உள்மைதானத்தில், பேஸ்களை ஒட்டி ஆடுகிற ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்கு இந்த மாவட்டத்திலேயே பொருத்தமானவன் ஜில்பெர்ட்டோவின் மகன் நேலியோ. அவன் ஆட்டத்தைப் பார்க்கத் தலைமைக் கோச் ஹாஸ்கின்ஸே இன்று நேரில் வருகிறார்.

காலையில் அவள் முதலில் போனது பண்ணைக்கு. அத்ரியானோ ரப்பர் பூட்ஸோடு தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, தீவனக் கடைத் தொப்பி ஒண்ணு குடு. அழுக்கா இருந்தாத் தேவலை."

"அழுக்கானதுக்கா இந்த வீட்ல பஞ்சம்? அந்த ஆணியில தொங்குது பாரு. யாருக்கு?"

"ஒரு விருந்தாளிக்கு. வெயில் தாங்க மாட்டார்."

அவள் தொப்பியை எடுத்துத் தட்டினாள். பச்சைத் துணி, முன்பக்கம் ஒரு கறவை மாட்டின் தலை. நம் துலாரியில் பாதி ஆண்பிள்ளைகளின் தலையில் இருக்கிற மாடு.

"ஏன்ணா, உனக்குத் தோள்ல எப்பவாவது அடி பட்டிருக்கா?"

"தோள்லயா?" அத்ரியானோ சிரித்தான். "என்னை உதைச்ச மாடெல்லாம் முட்டியோட நிறுத்திக்கிச்சு. ஏன் கேக்கற?"

"சும்மா."

"ஒலிந்தா, நேலியோவை நல்லாப் பாரு. சொந்தக்காரப் பையனாச்சே, ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து குறைச்சுப் போட்டுடாத. அவனுக்கு அந்த இடம் கிடைக்கணும்."

அவளுக்கு விஷயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். சொன்னால் அண்ணன் மன்னித்துவிடுவான். அந்த ஆபத்து அவனிடம் எப்போதும் உண்டு. 'போகட்டும் விடு, சின்ன வயசு' என்று சொல்லிவிட்டுக் குழாயை மறுபடி திறந்துவிடுவான். அப்புறம் அவள் யாரைப் பழிவாங்குவது?

மதியம், நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் ஹாஸ்கின்ஸ் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். கல்லூரிப் பெயர் பொறித்த சட்டை, கல்லூரிப் பெயர் பொறித்த தொப்பி. ஊருக்கு ஊர் இப்படித்தான் வருவார்கள். பார்த்த உடனே பையன்கள் முதுகை நிமிர்த்துவார்கள், அப்பாக்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

"கோச், இன்னிக்கு இந்தச் சட்டை வேண்டாம். மேல இந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கங்க. தொப்பியும் இது."

அவர் மாட்டுத் தலையைப் பார்த்தார். "எனக்கு என்ன மாறுவேஷமா?"

"பையன் என் அக்கா மகன். நான் நல்லவன்னு சொன்னாலும் தப்பு, கெட்டவன்னு சொன்னாலும் தப்பு. அதனால நான் எதுவும் சொல்லப் போறதில்லை. மூணாவது பேஸ் பக்கம் வேலியோரமா ஒரு சிவப்பு மடக்கு நாற்காலி இருக்கும். அதுக்குப் பக்கத்துல போய் நில்லுங்க."

"யார் நாற்காலி?"

"பையனோட அப்பாவோடது."

ஹாஸ்கின்ஸ் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டார். பையனின் கை, கால், தோள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் அப்பனைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர் அவர். அப்படிப் பார்க்காமல் எடுத்த இரண்டு பையன்களால் அவர் பட்ட பாடு கல்லூரி முழுக்கத் தெரியும். ஒருத்தனின் அப்பன் வகுப்பறைக்கே வந்து கத்தினான்.

"உனக்கு இதுல என்ன, ஒலிந்தா?"

"எனக்கு உண்மை வேணும்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஆட்டம் தொடங்கியபோது ஒலிந்தா ஸ்கவுட்டுகளின் வழக்கமான இடத்தில், பேட் பிடிப்பவனுக்குப் பின்னாலிருந்த கம்பி வலை ஓரம் உட்கார்ந்திருந்தாள். பார்வை நேலியோவின் மேல். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, ஷார்ட்ஸ்டாப் இடத்தில், முழங்காலை மடக்கி நின்றான்.

போன வருடம் இதே மைதானத்தில் அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே குளிர்காலத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டான், தன் கால் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. பந்து தன்னிடம் வரட்டும் என்று காத்திருப்பான். காத்திருக்கிற ஷார்ட்ஸ்டாப்பை எந்தக் கல்லூரியும் தொடாது.

இப்போது பேட்டில் பந்து படுவதற்குள் இடது கால் நகர்ந்துவிடுகிறது. பந்தை எடுக்கிற கையும் எறிகிற கையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன. உடம்பு இன்னும் தடிக்கும், தடித்தால் மூன்றாவது பேஸுக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் அந்த இடுப்பு லேசானது, தள்ள வேண்டியிருக்காது. ஒலிந்தா இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டபோது பெருமையாகத்தான் இருந்தது. பெருமை வந்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

சிவப்பு நாற்காலியில் ஜில்பெர்ட்டோ காலை நீட்டியிருந்தான். ஒரு கையில் லிங்குயிசா இறைச்சி வைத்த ரொட்டி. பக்கத்தில் வந்து நின்றவரின் தொப்பியை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான் விசாரணை. மாட்டுத் தலைத் தொப்பி போட்டவன் நம்மவன்; முகம் தெரியாதவன் என்றால் தீவனக் கடை ஆள்.

"எந்தக் கிளை? விசேலியாவா?"

"உம்" என்றார் ஹாஸ்கின்ஸ்.

"பருத்திக் கொட்டை விலையை இப்படி ஏத்தறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

"எனக்கு மேல இருக்கிறவங்க ஏத்தறாங்க."

"அதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. சரி, அதோ ஷார்ட்ல நிக்கிறான் பாருங்க, என் மகன். மத்த எட்டுப் பேரும் சும்மா கூட்டத்துக்கு. கோச்னு ஒருத்தன் இருக்கானே, அவனுக்குக் கண்ணு தெரியாது."

அந்த நேரம் பார்த்து ஒரு பந்து தரையோடு சீறி வந்தது. நேலியோ குனிந்தான். பந்து கையுறையின் விளிம்பில் பட்டுப் பின்னால் உருண்டது.

ஜில்பெர்ட்டோ எழுந்து வேலியைப் பிடித்து உலுக்கினான். "கையில என்னடா வெண்ணெயா? வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நேலியோ மட்டும் பார்க்கவில்லை. காலடி மண்ணைச் சமன் செய்தான், கையுறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான், மறுபடி முழங்காலை மடக்கினான். அடுத்த பந்து அவனுக்கு வலது பக்கம் வெகு தூரத்தில் போனது. ஓடிப்போய்க் கையுறையைக் குறுக்கே நீட்டி அள்ளி, நிற்காமலே எறிந்தான். ஓடி வந்த பையன் முதல் பேஸை மிதிப்பதற்குள் பந்து அங்கே இருந்தது.

"என் ரத்தம்!" என்று தொடையில் தட்டினான் ஜில்பெர்ட்டோ.

"நீங்களும் ஆடியிருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்காகவே அவன் பிறந்திருந்தான்.

"காலேஜ்ல ஆடினவன் சார் நான். சான்டா லூமா. அங்க எப்படிப் போனேங்கறதே ஒரு கதை. அதோ தூரத்துல பிக்கப் வண்டி பக்கம் ஒருத்தன் நிக்கறான் பாருங்க, என் மச்சான். அவன்தான் அப்ப ஷார்ட்ஸ்டாப். சும்மா சொல்லக் கூடாது, என்னைவிடக் கெட்டிக்காரன். காலேஜ்காரன் அவனைத்தான் பார்க்க வந்தான். என்கிட்ட வந்து, 'இவன் எப்படிப்பா?'ன்னு கேட்டான். நான் ஒரே வார்த்தை சொன்னேன். தோள் போச்சுன்னு."

"போயிருந்ததா?"

"எங்க போச்சு? மாடு மாதிரி இருக்கான் இன்னிக்கும்!" சிரித்ததில் ரொட்டித் துணுக்கு தெறித்தது. "ஆட்டம் கையில இல்ல சார், புத்தியில. என் பையனுக்கும் சொல்லி வச்சிருக்கேன். செகண்ட் பேஸ்ல நிக்கறானே, ரோமுலோ, அவன்தான் இவனுக்குப் போட்டி. யாராவது கேட்டா, முட்டி சரியில்லன்னு சொல்லுடான்னு."

"சரியில்லையா?"

"யாருக்குத் தெரியும்? கேக்கறவனுக்கும் தெரியாதே!"

ஹாஸ்கின்ஸ் தொப்பியின் முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார். தூரத்திலிருந்து ஒலிந்தா இதைப் பார்த்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அத்தான் தொடையில் தட்டித் தட்டிப் பேசுவதும், கோச் பேசாமல் நிற்பதும் தெரிந்தது. அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது.

ஆட்டம் முடிந்ததும் ஹாஸ்கின்ஸ் நேராகப் பையன்களிடம் போனார். ஒலிந்தாவும் எழுந்து ஓடினாள். அவர் தொப்பியைக் கழற்றி, தான் யார் என்பதைச் சொல்லி, நேலியோவைத் தனியே கூப்பிட்டார். பையனின் முகம் வெளுத்தது.

"ஒரே கேள்வி. அந்த செகண்ட் பேஸ் பையன் ரோமுலோ எப்படி?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று ஒலிந்தாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது: பழைய வித்தையை அத்தான் மகனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அத்தானுக்குத் தோண்டிய குழியின் ஓரத்தில் நேலியோவும் நிற்கிறான். அப்பன் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பித்தால் இன்றோடு தீர்ந்தது. இந்த ஒரு வாரத்தில் அவள் அவனை நினைக்காமலா இருந்தாள்? நினைத்தாள். நினைத்துவிட்டு ஒதுக்கி வைத்தாள்.

"நல்லா ஆடுவான் சார்" என்றான் நேலியோ. "கை என்னைவிட சுத்தம். என் எறி கொஞ்சம் விலகிப் போனாலும் அவன் பிடிச்சுடுவான். அதனாலதான் என் தப்பு பாதி வெளிய தெரியறதில்ல."

"முட்டி?"

"முட்டிக்கு என்ன? ஒண்ணும் இல்லையே." பிறகு அவன் காது சிவந்தது. "எங்கப்பா சொன்னாரா?"

ஹாஸ்கின்ஸ் அவன் தோளில் தட்டினார். ஒலிந்தா மூச்சை விட்டாள்.

ஜில்பெர்ட்டோ மடக்கிய நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். "என்ன தீவனக்காரரே, என் பையன்கிட்ட ஆட்டோகிராஃபா?"

இதற்காகத்தானே காத்திருந்தாள்! ஒலிந்தா குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"அத்தான், அறிமுகப்படுத்த மறந்துட்டேன். இவர் கோச் ஹாஸ்கின்ஸ். சான்டா லூமாவுல இருந்து வந்திருக்கார்."

நாற்காலி கக்கத்திலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலித்திருக்க வேண்டும். அவன் குனியக்கூட இல்லை. ஆட்டம் பார்த்தபடி தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் திரும்பி வருவதை ஒலிந்தா நின்று, நிதானமாக, ரசித்துப் பார்த்தாள்.

"சார், நான்... அது சும்மா விளையாட்டுக்கு..."

"பையனை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் ஹாஸ்கின்ஸ். "இடம் அவனுக்குத்தான். ஒரு நிபந்தனை. அவன் எங்ககிட்ட ஆடற வரைக்கும் நீங்க மைதானத்துப் பக்கம் வரக்கூடாது. ஆட்டத்துக்கும் சரி, பயிற்சிக்கும் சரி. வாசல்ல பார்த்தேன்னா அன்னியோட அவனுக்கு இடம் இல்ல."

"அது எப்படி? நான் பெத்தவன்! என்னைக் கேக்காம..."

"உங்களைக் கேக்கல. அவனைக் கேக்கறேன். நேலியோ, சம்மதமா?"

"சம்மதம்" என்றான் நேலியோ.

யோசிக்கவே இல்லை. அப்பாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வருடக்கணக்காக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவன் போல், கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டான். ஒலிந்தா தீட்டி வைத்திருந்த அத்தனையும் சேர்ந்து இந்த ஒற்றைச் சொல் அளவுக்கு வெட்டியிருக்காது. ஜில்பெர்ட்டோ நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வண்டிகள் நிற்கும் பக்கம் நடந்தான்.

நன்றாக வேண்டும், என்று நினைத்தாள் ஒலிந்தா. வாய்விட்டும் சொன்னாள்.

மைதானத்துத் தின்பண்டக் கடையில் நின்றிருந்த நத்தாலியா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகனைக் கட்டிக்கொண்டாள், கோச்சுக்கு நன்றி சொன்னாள். அவர்கள் இருவரும் நகர்ந்ததும் ஒலிந்தா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, உன் புருஷன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? அண்ணனுக்குத் தோள் போச்சுன்னு பொய் சொல்லித்தான் அவன் இடத்தைப் பிடுங்கியிருக்கான்!"

நத்தாலியாவின் முகத்தில் ஓர் அதிர்ச்சியும் இல்லை.

"தெரியும்."

"தெரியுமா? எப்ப இருந்து?"

"அன்னியில இருந்து. நீயும் ஸ்கவுட்டுதானே ஒலிந்தா? ஒருத்தன் சொன்னதை மட்டும் வச்சு நீங்க நம்புவீங்களா? அந்த ஸ்கவுட் விசாரிக்கப் பண்ணைக்கு வந்தான். நான் வாசல்ல பால் கேன் கழுவிட்டிருந்தேன். 'உங்க அண்ணனுக்குத் தோள் வலியாம்மா?'ன்னு கேட்டான். நான் ஆமான்னு தலையை ஆட்டினேன்."

ஒலிந்தா அவள் கையை விட்டாள். "நீயா? ஏன்க்கா?"

"அப்பா முதுகு உடைஞ்சு கிடந்தார். அண்ணன் போயிட்டா விடியக்காலையும் சாயங்காலமும் கறக்கறது யாரு? நான். எனக்கப்பறம் நீ. நான் படிப்பை முடிக்கணும்னு நினைச்சேன். தப்புன்னு சொல்லு, கேட்டுக்கறேன்." நத்தாலியாவின் குரல் உயரவே இல்லை. "ஆனா ஒண்ணு நெனச்சுப் பாரு. நீ சாஃப்ட்பால் மட்டையைத் தூக்கிட்டு ஊர் ஊராப் போனியே, காலேஜுக்குப் போனியே, அப்ப மாட்டுக்கு அடியில யார் உக்காந்திருந்தா? ஜில்பெர்ட்டோவோட பொய்யில எனக்குப் பங்கு உண்டு. உனக்கும் உண்டு."

ஒலிந்தா ஒரு வாரமாக எத்தனை வசனம் தயார் செய்து வைத்திருந்தாள்! ஒன்றுகூட இதற்கு ஒத்து வரவில்லை.

மைதானத்தின் குறுக்கே அத்ரியானோ வந்துகொண்டிருந்தான். நேலியோ எதிரே ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பையனைத் தோளோடு அணைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"உன்னாலதான்டி இது நடந்துச்சு" என்றான் ஒலிந்தாவிடம். "நீ அன்னிக்கு வெளிய போய் ஆடினதுனாலதான் இன்னிக்கு இவனுக்கு ஒரு வழி தெரியுது. நான் பால் கறந்தது வீண் போகல." கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். "எங்க மச்சானைக் காணோம்? கோபமா எங்கயோ போறாரே, ஏன்?"

நத்தாலியா தங்கையைப் பார்த்தாள். நேலியோவும் சித்தியைத்தான் பார்த்தான்.

"சொல்லு ஒலிந்தா" என்றான் அத்ரியானோ, இன்னும் சிரித்துக்கொண்டே. "என்ன ஆச்சு அவருக்கு?"